‘ஓடும்’ என்று சொல்வதற்கு முன்னால்

நாளைக் காலையிலேயே உங்கள் மேசைக்கு முன்னால் ஒருவர் வந்து நிற்பார். போனில் புதிதாக வந்த ஒரு கேமின் படத்தைக் காட்டி, “இது என் கம்ப்யூட்டர்ல ஓடுமா?” என்று கேட்பார். நீங்கள் அவருடைய கிராபிக்ஸ் கார்டின் பெயரைக் கேட்பீர்கள். கேம் கம்பெனி போட்டிருக்கும் தேவைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பீர்கள். “ஓடும், போங்க” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவீர்கள். நான் உங்களிடம் பேச வந்தது அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான்.

பேசக் கூப்பிட்டது குமார். உங்களுக்கெல்லாம் அவன் முதலாளி. எனக்கு, பக்கத்து மேசையில் உட்கார்ந்து என் ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பித் தராத குமார். “புதுசா சேர்ந்த பசங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்கக்கா, ஆனா திட்டாம சொல்லுங்க” என்றான். திட்டாமல் சொல்ல எனக்கு வராது. அதனால் இப்போதே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன்.

முதலில் உங்கள் ஜிபி பைத்தியத்தைப் பற்றி. நேற்று இங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், ஒரு பழைய கார்டைப் பார்த்து “நாலு ஜிபி கீதுங்க, தாராளமா ஓடும்” என்று சொன்னார். அடப்பாவி! தண்ணீர்த் தொட்டி பெரிதாக இருந்துவிட்டால் குழாயில் தண்ணீர் பாய்ந்து வந்துவிடுமா? கார்டு எந்தக் காலத்தது, எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்று பார்க்காமல், அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்த எண்ணை மட்டும் வாசிப்பதற்கு நீங்கள் எதற்கு? கஸ்டமருக்கே வாசிக்கத் தெரியும். பெயரும் தலைமுறையும் தெரிந்த பிறகும்கூட வேலையில் பாதிதான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதி அந்தக் கம்ப்யூட்டர் எங்கே உட்கார்ந்து ஓடப் போகிறது என்பது. அதை எந்தப் பெட்டியிலும் அச்சடிக்க மாட்டார்கள்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பழைய முதலாளிக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு. மலையடிவாரத்தில் ஒரு போட்டோக் கடை. அவர்களுடைய கம்ப்யூட்டர் அவர்கள் கடையில் ஓடும்போது பட்டென்று அணைந்துபோகும். நம் மேசையில் வைத்தால் நாள் முழுக்க ஓடும். மூன்றாவது முறையாக அது திரும்பி வந்தபோது அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. போட்டோக் கடைக்கே போனார். அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பக்கத்துக் கடையிலிருந்து சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் குடித்தார். போட்டோக் கடைக்காரருக்குக் கோபம். “ஜூஸ் குடிக்கவா வந்தீங்க?” என்று கேட்டார். “ஆங், இன்னொன்னு சொல்லுங்க” என்றார் இவர். இரண்டாவது ஜூஸுக்கு மிக்ஸி சுற்றியதும் கம்ப்யூட்டர் அணைந்தது. ஒரே ஒயரில் இரண்டு கடை. அவ்வளவுதான் விஷயம். அவர் திரும்பி வந்து எனக்குச் சொன்னது, “இருக்கிற எடத்துல வெச்சிப் பாரு” என்பது மட்டும்தான். நான் என் வழியில் அதைப் புரிந்துகொண்டது ஹேமா வந்த பிறகு.

அன்று கிருத்திகை. ஸ்டேஷனிலிருந்து கோயில் மலை வரைக்கும் மஞ்சள் வேட்டிக் கூட்டம். அந்தக் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஒரு மனிதர் கடைக்குள் வந்தார். புது லுங்கியில் சுற்றிய ஒரு மூட்டையைக் கைக்குழந்தையைப்போல் நெஞ்சோடு அணைத்திருந்தார். பின்னால் அவர் மகள், நிஜமான கைக்குழந்தையோடு. மனிதரின் பெயர் முனிரத்தினம், பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி வைத்திருப்பவர். மகள் ஹேமா.

முனிரத்தினம் மூட்டையை என் மேசைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே கம்ப்யூட்டர் கேபினெட். பளபளவென்று இருந்தது. “பஸ்ல கண்டக்டரு கேக்கறான், இன்னா நைனா, காவடிக்குப் பதிலா இத்த தூக்கினு போறியான்னு” என்று சொல்லிச் சிரித்தார். ஹேமா சிரிக்கவில்லை.

“திங்கக்கிழமை எனக்கு டெஸ்ட்டுக்கா” என்றாள்.

அவளுக்குச் சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. வெளியே விடப்போகும் கேமை முன்கூட்டியே ஆடிப் பார்த்து, எங்கே தப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லும் வேலை. விளையாட்டுக்குச் சம்பளமா என்று ஊரே கேலி பேசியிருக்கிறது. சண்டை போட்டுத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறாள். குழந்தை பிறந்ததும் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். புருஷனுக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை, சென்னையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. வீட்டிலிருந்தே வேலை செய்ய கம்பெனி ஒத்துக்கொண்டது. ஆனால் ஒரு நிபந்தனை. கம்ப்யூட்டர் அவளுடையதாக இருக்க வேண்டும். அவர்களுடைய புது கேம் அதில், அவர்கள் சொல்லும் தரத்தில், தடங்காமல் ஓட வேண்டும். திங்கட்கிழமை அவள் ஆட ஆட அங்கிருந்தபடியே திரையைப் பார்ப்பார்கள்.

“நின்னுச்சின்னா என் சீட்ட வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்கக்கா. விட்டேன்னா மறுபடி என்னை எவன் கூப்பிடுவான்? புள்ளையப் பாத்துக்கினு வீட்லயே இருன்னு சொல்றதுக்கு எல்லாரும் ரெடியா கீறாங்க.”

அப்போது என் பக்கத்து மேசையிலிருந்த குமார் பெட்டியை வாங்கித் திரையோடு மாட்டினான். கேம் அதிலேயே இருந்தது. மழை பெய்யும் ஒரு பெரிய நகரம், அதில் கார் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கார்டைப் பார்த்தேன். கேம் கேட்கிற அளவுக்குச் சரியாக எட்டிப் பிடிக்கிற கார்டு. குமார் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தான். திருப்பத்தில், மழையில், கூட்டத்தில், எங்கேயும் தடங்கவில்லை.

“ஜம்முனு ஓடுது. எடுத்துக்கினு போங்க நைனா” என்றான்.

ஹேமா கண்ணை மூடித் திறந்தாள். முனிரத்தினத்துக்கு முகமெல்லாம் பல். “ஆங்! அப்போ ரெண்டு ஷிப்டும் ஓடும்?” என்றார்.

நான் வேறொரு லேப்டாப்பில் கை வைத்திருந்தேன். கை நின்றுவிட்டது. “ஷிப்டா? இன்னாங்க ஷிப்டு?”

“தறி ஓடுதுன்னா இன்னாம்மா? சுச்சு போட்டா சுத்தறதா? எங்க வூட்டு எலக்ட்ரீசியன்கூட சுச்சு போட்டு ஓடுதும்பான். நூலு அறுவாம, ஷிப்டு முடியற வரைக்கும் துணி வந்துகினே இருந்தாதான் ஓடுதும்போம். அதான் கேக்கறேன். ரெண்டு ஷிப்டும் ஓடுமில்ல?”

குமார் அவரைப் பார்த்து விழித்தான். எனக்குப் பகீரென்றது. நாம் சொல்வது ஒரு ‘ஓடும்’, அவர் காதில் விழுவது வேறு ‘ஓடும்’. நாம் சொன்னதற்கு அர்த்தம், திறக்கிறது, படம் வருகிறது, இப்போதைக்குத் தடங்கவில்லை. அவர் வாங்கிக்கொண்டு போவது, நாளெல்லாம் நிற்காது என்ற உறுதிமொழி. ஹேமாவுக்கு வேண்டியதும் அவர் சொன்ன ‘ஓடும்’தான். பொதட்டூர்பேட்டையிலும் ஆர்.கே.பேட்டையிலும் பாதி வீட்டில் தறி. அங்கிருந்து வருகிற எல்லோரிடமும் நாம் என்ன சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

பெட்டியை என் பக்கம் இழுத்து, கார்டைக் கழற்றிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. சந்தேகம் வரும் அளவுக்குச் சுத்தம். டார்ச் அடித்துப் பார்த்தபோது, சூட்டை வெளியேற்றுகிற அலுமினியத் தகடுகளுக்கு நடுவில், அடி ஆழத்தில், சிவப்பிலும் நீலத்திலும் கொஞ்சம் பஞ்சு தெரிந்தது. லுங்கி நூல் பஞ்சு.

“இத்த யாரு சுத்தம் பண்ணது?”

“நான்தாம்மா” என்றார் முனிரத்தினம், பெருமையாக. “உள்ள பஞ்சு அடைஞ்சிகினு கெடந்திச்சி. உங்ககிட்ட அப்படியே எடுத்துகினு வந்தா நல்லாவா இருக்கும்? தறிய ஊதற ப்ளோயர வெச்சி ஊதிட்டேன்.”

“எப்பவாச்சும்தான் அடையுமா?”

“வாரா வாரம் ஊதறாருக்கா” என்றாள் ஹேமா.

டாக்டரிடம் போவதற்கு முன்னால் காய்ச்சலோடு குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டு வருகிற ஆட்களை நமக்குத் தெரியும். இந்த மனிதர் கம்ப்யூட்டருக்கு அதைச் செய்திருந்தார். மரியாதைக்காகத்தான் செய்தார், அவரை என்ன சொல்ல? ஆனால் எங்கள் மேசைமேல் இருந்தது, குளித்துவிட்டு ஏ.சி. அறையில் உட்கார்ந்திருந்த பெட்டி. திங்கட்கிழமை டெஸ்ட்டுக்கு உட்காரப் போவது பஞ்சுக்கும் வெயிலுக்கும் நடுவில் இருக்கும் பெட்டி. இரண்டும் ஒன்றல்ல.

குமார் என் காதருகில் வந்து, “புதுக் கார்டு ஒண்ணு போட்டு அனுப்பிடலாம்க்கா” என்றான். அவன் நல்லதுக்குத்தான் சொன்னான், அதோ தலையைக் குனிந்துகொள்கிறான் பாருங்கள். பெரிய கார்டு என்றால் இன்னும் அதிக சூடு. அதே பஞ்சு அதிலும் போய் உட்காரும். நோய் எங்கே என்று தெரியாமல் மருந்தை விற்கக் கூடாது.

“அப்போ ஓடாதாக்கா?” என்றாள் ஹேமா.

“தெரியாது” என்றேன்.

முனிரத்தினத்துக்கு வந்ததே கோபம். “இத்தினி வருசமா கடை வெச்சினு கீறீங்க, தெரியாதுன்றீங்களே! அந்தத் தம்பி பாத்துட்டு ஓடுதுன்னிச்சே?”

“அந்தத் தம்பி இங்க ஓடுதுன்னு சொன்னான். அது நெசம். உங்க வூட்ல ஓடுமான்னு உங்க வூட்லதான் பாக்கணும். நாளைக்கு வரேன். ஞாயித்துக்கிழமைன்னு தறிய நிறுத்திடாதீங்க.”

தம்பிகளே, ‘தெரியாது’ என்று சொல்வது இந்தத் தொழிலில் மிகவும் கூச்சம் தருகிற காரியம். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று அந்தப் பக்கம் நிற்பவர் நினைக்கிறார். நாமும் அப்படியே நினைத்துக்கொள்கிறோம். கூச்சத்துக்குப் பயந்து ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டால் அதற்கான விலையை அவர் வீட்டில் கொடுப்பார். நமக்குத் தெரியவே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். தெருமுனையிலேயே தறிச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. முனிரத்தினத்தின் வீட்டில் பின்பக்கம் தகரக் கூரை போட்ட நீள அறை, அதில் தறிகள். கம்ப்யூட்டர் அந்த அறையின் மூலையிலேயே, தரையில் இருந்தது. ஏன் இங்கே என்று கத்திக் கேட்டேன். சாதாரணமாகப் பேசினால் அங்கே கேட்காது. “இங்கதாம்மா பெரிய ஃபேன் கீது. காத்து நல்லா வரும்” என்று அவரும் கத்தினார். பெரிய ஃபேன் காற்றை மட்டுமா தள்ளும்? அறையில் பறக்கிற பஞ்சையெல்லாம் கொண்டுவந்து பெட்டிக்கு ஊட்டிக்கொண்டிருந்தது.

ஹேமா கேமைத் திறந்தாள். முதலில் கடையில் பார்த்ததைப்போலவே நன்றாக ஓடியது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் அம்மா கொடுத்த மோரைக் குடித்து முடித்தேன். பெட்டியின் ஃபேன் சத்தம் ஏறியது. தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும் அளவுக்கு ஏறியது. பிறகு திரையில் கார் இழுத்து இழுத்து நகர ஆரம்பித்தது. சூடு தாங்காமல் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டுவிட்டது. ஹேமா மவுஸைப் பிடித்த கையை எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முனிரத்தினம் அவள் முகத்தைப் பார்த்தார். நேராகப் போய்த் தறிகளை நிறுத்தினார். வீடு திடீரென்று அமைதியானது.

“இத பாரும்மா. நாளைக்கு ஒரு நாளு தறிய நிறுத்திடறேன். காலையில நல்லா ஊதிட்டு, ஜன்னல்லாம் தொறந்து வெச்சிடறேன். பாஸாயிடுமில்ல?”

“ஆயிடும்” என்றேன்.

“அப்பறம் இன்னா!”

“செவ்வாக்கிழமை இன்னா பண்ணுவீங்க?”

அவர் நின்றுபோன தறிகளைத் திரும்பிப் பார்த்தார். தினமும் தறியை நிறுத்தி மகளை வேலை செய்யவைக்க முடியுமா? தறி நின்றால் வீடு எதில் ஓடும்? ஹேமாதான் பேசினாள். “செவ்வாக்கிழமைய செவ்வாக்கிழமை பாத்துக்கலாம்க்கா. சீட்டு கையில வந்துடட்டும். ஆங்ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன்.”

“அது ஏமாத்து வேலை, ஹேமா. அவங்கள இல்ல, உன்ன நீயே ஏமாத்திக்கற வேலை.”

“உங்களுக்கு இன்னாக்கா! உங்க வேலையா போவப் போவுது?” என்று சீறினாள். குழந்தை அழ ஆரம்பித்தது. அவள் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து தூக்கிக்கொண்டாள்.

எனக்கும் சுர்ரென்று ஏறிவிட்டது. “ஆங், என் வேலை போவாது. அதனாலதான் என்னால உள்ளத சொல்ல முடியுது. வேலை போற பயத்துல கீற நீயே மெஷின பாத்தா, நல்லா ஓடற மாதிரிதான் தெரியும். அதுக்குத்தானே எங்ககிட்ட எடுத்துகினு வந்த?”

எழுந்து போய்விடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். உண்மையைச் சொல்லியாகிவிட்டது, இனி உங்கள் பாடு என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். அதுவும் ஒரு தப்பித்தல்தான். ஓடாது என்று சொல்வதோடு நம் வேலை முடிந்தால், அதற்கு ஒரு போர்டு எழுதி மாட்டிவிட்டால் போதுமே. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். “தறிய போடுங்க” என்றேன் முனிரத்தினத்திடம்.

என்ன செய்தேன் என்பதை விரிவாகச் சொல்லப் போவதில்லை, அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலைதான். பெட்டியைத் தறி அறையிலிருந்து தெருப்பக்க அறைக்குக் கொண்டுபோனோம். தரையிலிருந்து தூக்கி ஸ்டூல்மேல் வைத்தோம். காற்று நுழைகிற பக்கத்தில் கொசுவலையை மடித்துக் கட்டி, தினமும் உதறி மாட்டச் சொன்னேன். தகடுகளுக்குள் ஆழத்தில் இருந்த பஞ்சை ஊசியால் எடுத்தேன். இவ்வளவுக்குப் பிறகும் வெகுநேரம் ஓட்டினால் சூடு எல்லையைத் தொட்டது.

அப்போதுதான் ஹேமாவிடம், “உங்க கம்பெனி எவ்ளோ வேகம் கேக்குது?” என்று கேட்டேன்.

ஒரு நொடிக்கு இத்தனை படம் என்று அவள் சொன்ன அளவு, அந்தக் கார்டு அந்த நேரத்தில் தள்ளிக்கொண்டிருந்ததில் பாதிதான். கட்டுப்பாடு எதுவும் வைக்காமல் விட்டிருந்தாள். கேட்காத வேகத்தையெல்லாம் மூச்சு வாங்க ஓடிக் காட்டிவிட்டு, கேட்ட நேரத்தில் அது படுத்துக்கொண்டது. கம்பெனி கேட்கிற வேகத்தோடு நிற்கும்படி கட்டுப்பாடு வைத்தேன். ஃபேன் சத்தம் இறங்கியது. சூடு இறங்கியது. படத்தின் தரம் ஒரு துளி குறையவில்லை. முனிரத்தினம் எட்டிப் பார்த்துவிட்டு, “ஸ்பீட கொறச்சிட்டியா? கொறச்சா பெயிலாக்கிடுவான்!” என்று பதறினார். அவருக்கும் நம் ஜிபி பைத்தியக்காரர்களுக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

“இனிமே நீ ஓட்டு” என்றேன் ஹேமாவிடம். “எல்லாத் தெருவும் போ. மழையில போ, வெயில்ல போ. எங்கனா நிக்குதான்னு பாப்போம்.”

அவள் ஓட்டினாள். அவள் வேலை செய்வதை அப்போதுதான் பார்த்தேன். நான் விளையாட்டு என்று நினைத்திருந்தது ஒரு விளையாட்டே இல்லை. ஒரே சந்தில் நாலு விதமாகத் திரும்பிப் பார்ப்பாள். சுவரில் வேண்டுமென்றே மோதுவாள். குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்து போவாள், வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். தறிகள் ஓடிக்கொண்டே இருந்தன. வெயில் ஏறி இறங்கியது. கார்டு நிற்கவில்லை.

ஒரே ஓர் இடத்தைத் தவிர. மழை பெய்யும்போது பாலத்திலிருந்து இறங்கி இடதுபக்கம் மீன் மார்க்கெட்டுக்குள் திரும்பினால் படம் ஒரு கணம் உறைந்து நின்றது. ஹேமா மறுபடியும் வந்தாள், மறுபடியும் நின்றது. அப்பாவிடம் சொல்லித் தறியை நிறுத்திப் பார்த்தாள், நின்றது. கம்ப்யூட்டரை ஆறவிட்டுப் பார்த்தாள், நின்றது. படத்தின் தரத்தைத் தரைமட்டத்துக்குக் குறைத்துப் பார்த்தாள், அப்போதும் நின்றது. மழையில்லாமல் வந்தால் மட்டும் நிற்கவில்லை.

“இது மெஷின் இல்லக்கா” என்றாள் மெதுவாக.

“எனக்கும் அப்படித்தான் படுது.”

“நாளைக்கு அந்த மார்க்கெட் பக்கம் போவாம சுத்திப் போயிடட்டா?”

பதில் என் நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். “அது உன் தொழிலு. என் தொழிலு மெஷின் வரைக்கும்தான். மெஷின் நிக்காது, அதுக்கு நான் பொறுப்பு.”

முனிரத்தினம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “அப்போ ஓடும்னு சொல்லலாமா?”

“ஓடும்” என்றேன். “ரெண்டு ஷிப்டும்.”

திங்கட்கிழமை குமாரிடம் கடையை ஒப்படைத்துவிட்டு நானும் போய் உட்கார்ந்தேன். தறிகளை ஓடவிடச் சொல்லியிருந்தேன். ஹேமாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்பீக்கரில் சென்னையிலிருந்து ஓர் ஆணின் குரல் வந்தது. நல்ல மனிதர்தான், ஆனால் அவசரக்காரர்.

“பின்னாடி என்னம்மா சத்தம்?”

“தறி சார்.”

“இப்ப கொஞ்சம் நிறுத்தச் சொல்ல முடியாதா?”

“டெய்லி ஓடும் சார். இந்த சத்தத்துலதான் நான் வேலை செய்யப் போறேன்.”

“சரி, ஆரம்பிங்க” என்றார். அவர் சொல்லச் சொல்ல ஹேமா ஓட்டினாள். வலதுபக்கம் போங்க, சுரங்கப்பாதைக்குள் போங்க, மழையைப் போடுங்க. வெகுநேரம் போயிற்று. கார்டு மூச்சு வாங்கவில்லை. பாலம் வந்தது.

“லெஃப்ட்ல மார்க்கெட்டுக்குள்ள போங்க” என்றார்.

திருப்பினாள். படம் நின்றது. உடனே சரியாகிவிட்டது, ஆனால் அவர் பார்த்துவிட்டார்.

“அடடா. நின்னுடுச்சே. உங்க கார்டு தாங்கலை போலிருக்கே.”

நான் ஹேமாவைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை.

“இல்ல சார்” என்றாள் ஹேமா. “என் கார்டு தாங்குது. நேத்து முழுக்க ஓட்டிப் பாத்துட்டேன், வேற எங்கயும் நிக்கல. சூடும் ஏறல, நீங்களே பாருங்க, திரை ஓரத்துல சூட்டு அளவு காட்டுது. தறிய நிறுத்திப் பாத்தேன், தரத்தக் குறைச்சிப் பாத்தேன், ஆறவெச்சிப் பாத்தேன். இந்தத் திருப்பத்துல மட்டும், மழையில மட்டும் நிக்குது. தப்பு உங்க கேம்ல இருக்கு சார்.”

போச்சு, வேலை கொடுக்கிறவரிடமே தப்பு உன்னுடையது என்று சொல்லிவிட்டாளே என்று நினைத்தேன். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். தறியை நிறுத்திவைத்துவிட்டு, ஊதித் துடைத்துவிட்டு அவள் அங்கே உட்கார்ந்திருந்தால் இதைச் சொல்லியிருக்க முடியுமா? நம்ம மெஷின்தான் காட்டிக் கொடுத்துவிட்டது என்று நினைத்து, “சாரி சார்” என்றுதான் சொல்லியிருப்பாள். நாம் இந்த மேசையில் உட்கார்ந்து செய்வதற்கு ஏதாவது அர்த்தம் இருந்தால், அது அவள் ‘இல்ல சார்’ என்று சொன்ன அந்த இடத்தில்தான் இருக்கிறது. வேறு எங்கேயும் எனக்கு அது கிடைத்ததில்லை.

ஸ்பீக்கரில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. அவர் தன்னுடைய கம்ப்யூட்டரில் எதையோ திறந்துகொண்டிருந்தார். தட்டல் நின்றது. மறுபடி ஆரம்பித்தது. மறுபடி நின்றது.

“இங்கேயும் நிக்குது” என்றார். குரலில் அவசரம் போயிருந்தது. “எங்க யாருக்கும் இது தட்டுப்படலையே. நீங்க இன்னொரு தடவை பாலத்துலேருந்து வாங்க. மெதுவா வாங்க. எந்த இடத்துல நிக்குதுன்னு சொல்லிக்கிட்டே வாங்க, நான் எழுதிக்கிறேன்.”

ஹேமா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். காரைத் திருப்பிப் பாலத்துக்குக் கொண்டுபோனாள். முனிரத்தினம் தறி அறையிலிருந்து தலையெல்லாம் பஞ்சாக ஓடிவந்து வாசலில் நின்றார்.

“இன்னாம்மா ஆச்சி? பாஸா பெயிலா?”

ஹேமா திரும்பவில்லை. ஒரு கையை மட்டும் பின்னால் காட்டி அவரை நிறுத்தினாள்.

“இரு நைனா. வேலையில கீறேன்.”